டாலர் நோட்டில் அம்பாரம்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் லட்சுமிக்கும் பழனி முருகனுக்கும் நடுவில் ஒரு அமெரிக்க டாலர் குடியிருந்தது. ஒற்றை டாலர்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் ஒரு பொட்டுக் குங்குமம் கிடைத்துவிடும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் சாமி கும்பிட்ட கையோடு அதையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காப்பிக்கு உட்காருவார்கள். லட்சுமி எல்லோர் வீட்டிலும் இருக்கிறாள். நம் ஊர் எரியோட்டைச் சுற்றி டாலர் இருப்பது நம் வீட்டில் மட்டும்தான் என்பது சித்தப்பாவின் நம்பிக்கை. அதை மறுத்துப் பேச யாரிடமும் ஆதாரம் இல்லை.

சித்தப்பா அப்போது கொடைரோடு ரயிலடியிலிருந்து கொடைக்கானலுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் ஏற்றிப் போன வெள்ளைக்காரப் பெண்மணிக்கு மலை ஏறத் தொடங்கியதுமே குமட்ட ஆரம்பித்துவிட்டது. வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுத்து, ஒரு வழியாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்தாராம். இறங்கும்போது அந்தம்மாள் கண்கலங்கி, கைப்பையைத் துழாவி, இந்த நோட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாராம். இந்தக் கதையை அவர் சொல்லச் சொல்ல மலையில் வளைவுகள் கூடிக்கொண்டே போயின. எங்களுக்கு அது பழகிவிட்டது.

நோட்டு கசங்கிவிடக் கூடாதே என்று சித்தப்பா கவலைப்பட, அதற்கு வழி செய்தவள் அத்தை. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நோட்டை எடுத்துப்போய், சாயங்காலம் பளபளவென்று லாமினேஷன் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அதோடு அந்த டாலர் செலவழிக்கிற நிலையைத் தாண்டிவிட்டது. சாமி அலமாரிக்கு ஏறியது அப்படித்தான்.

நோட்டின் ஒரு பக்கத்தில் ஒரு பெரியவரின் முகம் இருந்தது. காதை மறைக்கும் முடியும் இறுகிய உதடுமாக, யாரோடோ கோபித்துக்கொண்ட மாதிரி இருப்பார். அவரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாகிவிட்டது. நாங்கள் கும்பிட்டது மறுபக்கத்தை. அங்கே ஒரு வட்டம். வட்டத்துக்குள் கல் கல்லாக அடுக்கி எழும்பும் ஒரு கூம்பு. அதன் உச்சி மட்டும் தனியே பிரிந்து அந்தரத்தில் நிற்கும். அந்த உச்சிக்குள் ஒரு கண். கண்ணைச் சுற்றிலும் ஒளி.

அந்தப் படத்துக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. அம்மாவைப் பொறுத்தவரை அது அம்மன் கண். எந்த ஊர் அம்மன் என்று கேட்டால் எல்லா அம்மனும் ஒன்றுதான் என்பாள். குங்குமத்தைக் குறி பார்த்து அந்தக் கண்ணின் மேலேயே வைப்பவளும் அவள்தான். அப்பா அதைப் பாதியில் நின்ற கோபுரம் என்றார். எங்கள் ஊர்க் கோயில் கோபுரமும் வசூல் நின்று போனதால் அப்படித்தான் மொட்டையாக நின்றது; அமெரிக்காவிலும் வசூல் சிக்கல் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார். சித்தப்பாவுக்கு அது கொடைக்கானல் மலை. உச்சியில் தெரிவது, அங்கே அவருக்குக் கண் திறந்த அதிர்ஷ்டம்.

வீட்டிலேயே உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சமூக அறிவியல் சார் எகிப்தை நடத்தி முடித்திருந்தார். புத்தகத்தில் இருந்த பிரமிடும் நோட்டில் இருந்த பிரமிடும் அச்சு அசலாக ஒன்று. "இது பிரமிடு" என்று நான் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். "ஆமா, பிரமிடு" என்று தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பிரமிடு என்றால் என்ன, அதை எதற்குக் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

அத்தைக்குக் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வரன் வராமல் இல்லை. வந்த வரன் தட்டு மாற்றுகிற நேரத்தில் நழுவிவிடும். முதல் தடவை உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தது என்று எழுந்து போனார்கள். அடுத்த தடவை அத்தை காப்பித் தட்டோடு வெளியே வரவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. கரண்டு போனதற்கு அத்தை என்ன செய்வாள்? ஆனால் இருட்டில் யாரோ ஒரு பெரியவர் உச்சுக் கொட்டிய சத்தம் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ராசி என்ற சொல் எங்கள் தெருவில் கொஞ்சம் கூடுதலாகவே புழங்கியது. அத்தை அதைக் காதில் வாங்காதவள் போலக் காலை பஸ்ஸுக்குப் போய் மாலை பஸ்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை வந்த மாப்பிள்ளைக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் ஊர். சொட்டுநீர்க் குழாய் பதித்துத் தரும் வேலை. ஜாதகம் கைமாறிய நாளிலிருந்து மனிதர் திண்டுக்கல்லுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். ஒரே ரேஷன் கார்டை ஒரு மனிதர் எத்தனை தடவை ஜெராக்ஸ் எடுப்பார்? அத்தை வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சமைக்கும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கண்ணைக் காட்டினாள்.

ஆனாலும் தட்டு மாற்றுவதற்கு முதல்நாள் அத்தை அப்பாவிடம் வந்து நின்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "அண்ணே, இதுதான் கடைசி. இதுவும் தட்டிப்போச்சுன்னா என்னைய விட்டுருங்க. இன்னொருக்க என்னால அலங்காரம் பண்ணிக்கிட்டு வந்து நிக்க முடியாது." அப்பா எழுந்து போய், வாங்கி வைத்திருந்த தேங்காய்களை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் தவறிவிட்டார். அதனால் தட்டு வாங்குவதற்குத் தாய்மாமனும் அவர் மனைவியும் ஜமக்காளத்தில் முன்னால் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எல்லோரையும் "நல்லா இருக்கீகளா" என்று கேட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மா நாற்காலி எடுத்துப்போய்ப் போட்டாள். அவர் அதில் உட்காராமல் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

தாய்மாமன் தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர். வந்து உட்கார்ந்ததிலிருந்து உலக விஷயமாகவே பேசிக்கொண்டிருந்தார். பெட்ரோல் எங்கே எடுக்கிறான், மழை ஏன் பொய்க்கிறது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அப்பா "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. நம் வீட்டுக்கும் உலகத்தோடு ஒரு தொடர்பு உண்டு என்று காட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

தட்டு தயாரானது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், நிலக்கோட்டை மல்லிகை, நடுவில் குறையில்லாத ஒரு தேங்காய். எல்லோரும் அசந்த நேரத்தில் சித்தப்பா சாமி அலமாரிக்குப் போனார். வந்தார். டாலரைத் தேங்காயில் சாய்த்து நிறுத்தினார். பிரமிடுப் பக்கம் சபையைப் பார்த்து இருந்தது. கண்ணில் அம்மா வைத்த குங்குமமும் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது என்று இன்றும் சொல்வேன்.

தாய்மாமன் குனிந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"இது என்னதுங்க?"

"டாலருங்க. அமெரிக்கா டாலரு," என்றார் சித்தப்பா. மலை வளைவுகளிலிருந்து கதையைத் தொடங்க வாயெடுத்தவரைத் தாய்மாமன் கையமர்த்தினார்.

"டாலரு தெரியுது. இந்தப் படம் பிரமிடுல்ல? எகிப்துல ராஜாக்களப் பொதைக்கிற எடமுல்ல இது? நல்ல காரியத்துல கொண்டாந்து சமாதியவா தட்டுல வச்சிருக்கீக?"

ஜமக்காளத்தில் சலசலப்பு எழுந்தது. சித்தப்பா பதறிப் போனார். பதறினாலும் அவரிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. அது நான்தான்.

"அப்படியெல்லாம் இருக்காதுங்க. எங்க பிள்ளைக்கு இதப் பத்தி அம்புட்டும் தெரியும். ஏ தாயி, இங்க வா. இந்தப் படம் என்னன்னு மாமாவுக்குச் சொல்லு."

அத்தனை பேருக்கு நடுவில் என்னை ஒருவர் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. அதுவும் எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் ஒப்பிப்பது போலவே மூச்சு விடாமல் ஒப்பித்தேன். பிரமிடுகள் எகிப்திய மன்னர்களின் கல்லறைகள். இறந்த மன்னர்களின் உடலைப் பதப்படுத்தி, துணியால் சுற்றி, பொன்னோடும் பொருளோடும் அதற்குள் வைத்தனர். இவ்வாறு பதப்படுத்தப்பட்ட உடல் மம்மி எனப்படும். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சார் சொன்ன கூடுதல் தகவலும் எனக்கு நினைவு வந்தது. "குடலையெல்லாம் எடுத்து ஜாடியில தனியா போட்டு வப்பாங்க," என்று முடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ரத்தமே இல்லை. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. சொந்த வண்டியே தன் மேல் ஏறிவிட்ட மாதிரி பார்த்தார்.

"கேட்டீகளா?" என்றார் தாய்மாமன். "நாஞ் சொன்னாப் படிச்ச திமிரும்பீக. பச்சப்புள்ள வாயில வருது பாருங்க."

பெரியவர்கள் சொன்னால் அது பேச்சு. குழந்தை வாயில் வந்தால் அது சகுனம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அவர்கள் தரப்பில் ஒவ்வொருவராக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கலந்து பேச வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழவில்லை. ஆனால் எழுந்தவர்களைத் தடுக்கவும் அவருக்கு வாய் வரவில்லை. தட்டு ஜமக்காளத்தின் நடுவில் அப்படியே இருந்தது.

என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் மெதுவாக அறைக்குள் போனேன். அத்தை அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. அம்மாவிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்த வளையல்களைக் கழற்றிப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். சத்தமே வரவில்லை. இதற்கு முன்னாலும் அப்படிக் கழற்றி வைத்துப் பழகிய கை.

அப்போதுதான் கூடத்தில் ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா கொல்லையிலிருந்து அடுப்படி வழியாக வந்து நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். நிலையைத் தாண்டிக் கூடத்துக்குள் வரவில்லை. அங்கே நின்றபடியே வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய்யா தம்பி, அம்புட்டுப் பேரும் எங்க கெளம்பிட்டீக? அந்த நோட்ட இங்கிட்டுக் கொண்டா. நானும் செத்த பாக்குறேன்."

தாய்மாமன் வாசலிலிருந்தே, "உனக்கு என்னக்கா தெரியும்? நீ சும்மா இரு. அது சமாதி," என்றார்.

"எம் மகன் கல்யாணம்டா. அது என்னன்னு நான் பாக்க வேண்டாமா?"

என்ன பேசினாலும் அக்கா பேச்சைத் தட்டுகிற தம்பி இல்லை. அவர் முனகிக்கொண்டே வந்து, தட்டிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா அதைக் கண்ணுக்கு எட்ட வைத்து, கிட்டத்தில் வைத்து, பளபளப்பு கண்ணில் அடிக்காமல் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வளையல் பெட்டியை மூடாமல் அத்தை கதவருகே வந்து நின்றாள்.

"ஏலே, இது அம்பாரம்டா," என்றார் அவர்.

மீசை நரைத்த மனிதரை ஊர்ச் சபையில் 'ஏலே' என்று கூப்பிட்டதில் ஒன்றிரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அம்பாரம்?"

"களத்துல தூத்திக் குமிக்கிற அம்பாரம். நீ பேப்பரு படிச்சுப் படிச்சுக் களத்துப் பக்கமே போறதில்ல. கம்ப அடிச்சுக் குமிச்சா எப்படி நிக்கும்? அடி அகலமா, மேல கூம்பிக்கிட்டு இப்படித்தான நிக்கும்?"

எங்கள் பக்கம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் கம்பும் சோளமும் விளையும். கதிரடித்துத் தூற்றிய தானியத்தைக் களத்தில் கூம்பாகக் குவித்து, அதைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டு, உச்சியில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து அருகம்புல் செருகிவிடுவார்கள். அளந்து எடுக்கும்வரை அந்த அம்பாரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. ஊர்க் கண்ணும் படக் கூடாது. வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அத்தனை பேரும் அதைச் செய்தவர்கள்தான். அவர்கள் இப்போது வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"மேல கண்ணுல்ல இருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"இருக்கும். நாம சாணிப் பிள்ளையாரு வைக்கல? அவன் ஊர்ல சாணிக்கு எங்க போவான்? ஊர்க் கண்ணு படாம இருக்கக் கண்ணையே வச்சுட்டான்."

"கல்லு கல்லாக் கோடு போட்டிருக்கேக்கா?" என்றார் தாய்மாமன். அவர் குரல் ஏற்கனவே ஒரு படி இறங்கியிருந்தது.

"மூடை கட்டி அடுக்கியிருப்பான். அவனுக்கு வெளச்சல் அம்புட்டு."

"உச்சி ஒட்டாமல்ல நிக்குது?"

"இன்னும் குமிச்சு முடியலய்யா. கொட்டிக்கிட்டே இருக்கான். கீழ பாரு, புல்லு மொளச்சுக் கெடக்கு. வளருற வீடுன்னு அர்த்தம்."

தாய்மாமனுக்குக் கடைசியாக நான் நினைவுக்கு வந்தேன். "அப்ப அந்தப் புள்ள சமாதிங்குதே?"

மாப்பிள்ளையின் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "புள்ள படிச்சது வேற படமா இருக்கும். சமாதின்னா கண்ணு இப்படித் தொறந்து பாத்துக்கிட்டு இருக்குமா? செத்தவன் கண்ண மூடித்தானய்யா பொதைப்பாக?"

இதற்குப் பதில் என் சமூக அறிவியல் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் எனக்கு மனது ஆறவில்லை. வேற படமெல்லாம் இல்லை, இதே படம்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் அம்மா கை நிறையக் கேசரியைத் திணித்தாள். நெய் மூக்கில் ஏறிவிட்டது.

தாய்மாமன் நோட்டை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அம்பாரம் மாதிரியும்தான் இருக்கு," என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் வீடே மூச்சு விட்டது. எழுந்து போனவர்கள் எதற்காக வெளியே போனோம் என்பதையே மறந்தவர்கள் போல வந்து உட்கார்ந்தார்கள். யாரோ "காத்து வாங்கப் போனோம்" என்றுகூடச் சொன்னார்கள். தட்டு இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறியது. குலவைச் சத்தம் எழுந்தது. சித்தப்பா மூலையில் இருந்த சோள மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா எல்லோருக்கும் இரண்டாவது காப்பி போடச் சொன்னார், முதல் காப்பியையே இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்பது தெரியாமல். அத்தை ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள். வளையல்களை மறுபடி போட்டுவிட அம்மா ஓடினாள். அவசரத்தில் ஒரே கையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டாள். எனக்கும் உயிர் வந்தது. நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்திருந்தது. இப்போது அது ஒட்டிவிட்டது என்றும் தெரிந்தது.

வளர்ந்த பிறகு இந்தப் பிரமிடு விஷயம் என்னை விடவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். கல்லறை என்பது உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை என்று தெரிந்தது. ஆதியில் எங்கும் தண்ணீராக இருந்தது, அதிலிருந்து முதலில் ஒரு மண்மேடு எழுந்தது, முதல் வெயில் அதன் மேல்தான் விழுந்தது என்று எகிப்தியர்கள் நம்பினார்களாம். பிரமிடு அந்த மேட்டின் சாயல் என்கிறார்கள். அரசனை அதற்குள் வைத்தது அவன் கதை முடிந்துவிட்டது என்பதற்காக அல்ல, திரும்ப எழுந்து வருவான் என்பதற்காக. கடல் தாண்டி மெக்சிகோவில் அதே கூம்பைப் படி படியாகக் கட்டி, உச்சியில் தெய்வத்துக்குக் கோயில் வைத்திருக்கிறார்கள். டாலரில் அது முடியாமல் நிற்பதற்கும் காரணம் உண்டு. நாடு நிலைத்து நிற்க வேண்டும், இன்னும் கட்டி எழுப்ப வேண்டியது இருக்கிறது என்று பொருளாம். மேலே இருக்கும் கண், கடவுளின் காவல். கிட்டத்தட்ட மாப்பிள்ளையின் அம்மா நிலைப்படியில் நின்று சொன்னதுதான். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் பல நூறு வருஷங்களாகப் பிரமிடுகளைத் தானியக் களஞ்சியம் என்றே நம்பியிருக்கிறார்கள். ஒரு தேவாலயத்தின் விதானத்தில் அப்படிச் சித்திரம்கூடப் பதித்திருக்கிறார்கள். ஒரு கட்டடத்தைப் பார்த்துச் சாவை நினைப்பவர்களும் உண்டு, சாப்பாட்டை நினைப்பவர்களும் உண்டு போலிருக்கிறது.

அத்தை இப்போது குஜிலியம்பாறையில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையாக வந்த மாமா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வருவதேயில்லை என்று அவளுக்குக் குறை.

ஆனால் நான் சொல்ல வந்தது இதையெல்லாம் அல்ல. அன்று தட்டு மாறி, பந்தி நடந்துகொண்டிருந்தபோது எனக்குள் ஒரு ஆத்திரம் பாக்கியிருந்தது. சரியாக ஒப்பித்தவள் நான். தப்பாகச் சொன்னவர் மாப்பிள்ளையின் அம்மா. அவர் சொன்னதைத்தான் ஊரே ஏற்றுக்கொண்டது. இதைக் கேட்டுவிட வேண்டும் என்று கொல்லைக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அது அம்பாரம் இல்ல," என்றேன். "பிரமிடுதான். சமாதிதான். எங்க புத்தகத்துல அதே படம் இருக்கு. வேணும்னா எடுத்துட்டு வாரேன்."

"வேண்டாம் தாயி," என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடியே. "நீ சொன்னதுதான் சரி. எம் மகனும் சின்னப் புள்ளையில உன்னாட்டம் சத்தம் போட்டுத்தான் படிப்பான். அந்தக் குடலு, ஜாடி எல்லாம் எனக்கும் பாடம்."

"அப்பப் பெறகு ஏன் அம்பாரம்னு சொன்னீங்க?"

அவர் கூடத்துப் பக்கம் பார்த்தார். அங்கே அத்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நல்ல காரியத்துக்கு ஆகாதுன்னு ஒதுக்க ஆரம்பிச்சா, மொதல்ல என்னையத்தான் ஒதுக்கணும். உங்க அத்தையையும் எதுக்கு ஒதுக்கணும்?"

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, காதில் தோடு, துவைத்து மடித்த சேலை. ஒதுக்குகிற மாதிரி எதுவும் என் கண்ணில் படவில்லை.

"உங்கள எதுக்கு ஒதுக்கணும்? நீங்கதான மாப்பிள்ளையோட அம்மா?"

அவர் சிரித்தார். இடது கையால் என் கன்னத்தைத் தொட்டார். உள்ளே சித்தப்பா எல்லோரையும் போட்டோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் பக்கம், பெண்ணின் பக்கம், ஒருத்தர் விடாமல் வந்து நிற்க வேண்டும் என்று அவர் போட்ட சத்தம் கொல்லைவரை கேட்டது. "வாங்க, போவோம்," என்று மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ போ தாயி. நான் இங்கனயே இருக்கேன்."

கொல்லையில் வேப்பமரத்துக் காற்று சிலுசிலுவென்று வந்துகொண்டிருந்தது. இந்தக் காற்றை விட்டுவிட்டு உள்ளே புழுக்கத்தில் போய் நிற்க அவருக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் மட்டும் ஓடிப் போய் போட்டோவில் முன்வரிசையில் நின்றேன்.